வால் ஆட்டும் டிரெய்லர்: கம்ப்யூட்டர் வருமா, நம் கை போதுமா?

கேள்வி: "சார், எங்களுக்கு மீஞ்சூர் பக்கம் நாலு ஏக்கர். அறுப்பு முடிந்ததும் வைக்கோலை டிராக்டர் டிரெய்லரில் ஏற்றி, மணலி வழியாகத் திருவொற்றியூரில் மாடு வைத்திருக்கிறவர்களுக்குக் கொண்டு போகிறோம். பக்கத்தில் கன்டெய்னர் லாரி கடந்து போகும்போது டிரெய்லர் பின்னால் பாம்பு மாதிரி நெளிகிறது. போன வாரம் எதிர்ப்பக்கம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பியது. என் மகன் துறைமுகத்தில் டிரெய்லர் லாரி ஓட்டுகிறான். புது வண்டிகளில் கம்ப்யூட்டரே பிரேக் போட்டு இந்த ஆட்டத்தை நிறுத்திவிடுகிறது என்கிறான். அந்தக் கருவியை நம் டிராக்டருக்கு மாட்ட முடியுமா? என்ன செலவாகும்? மானியம் ஏதாவது உண்டா?"

மானியத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடையில் வாங்கி நம் ஊர் டிராக்டருக்கு மாட்டுகிற மாதிரி அப்படி ஒரு கருவி கிடையாது. அதனால் மானியப் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் உங்கள் கேள்வி நல்ல கேள்வி. அந்தக் கம்ப்யூட்டர் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால், உங்கள் டிரெய்லர் ஏன் நெளிகிறது என்பது தானாகப் புரிந்துவிடும். அதில் பெரும்பகுதியை ஒரு பைசா செலவில்லாமல் நீங்களே சரி செய்துவிடலாம்.

எனக்கு வீடு திருவொற்றியூரில், வேலை பொன்னேரிப் பக்கம். கும்மிடிப்பூண்டி ரயிலில் போய் வருகிறவன் என்றாலும், வயல் பார்க்கப் போகிற நாட்களில் உங்கள் சாலையில்தான் வண்டி ஓட்டுகிறேன். அந்தச் சாலையின் லட்சணம் எனக்கும் தெரியும். சென்னைத் துறைமுகத்தில் 1983-ல் கன்டெய்னர் முனையம் வந்தது. எண்ணூர்த் துறைமுகம் 2001-ல் திறந்தார்கள். இப்போது காமராஜர் துறைமுகம் என்கிறோம். அதற்கு வடக்கே காட்டுப்பள்ளி. இந்த மூன்றுக்கும் போகிற, வருகிற கன்டெய்னர் வண்டிகளும், மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்து டேங்கர்களும், நம் நெல்லும் வைக்கோலும் ஏற்றிய டிராக்டர்களும் ஒரே தார்ச்சாலையில் போகின்றன. 40 டன் வண்டி ஒரு பக்கம், 25 கிலோமீட்டர் வேகத்தில் நாம் ஒரு பக்கம். இதில் நம் டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பித்தால் யாருக்குச் சேதம் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதலில் பழைய மாட்டு வண்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன். வண்டியில் நெல் மூட்டை ஏற்றும்போது நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? நாலு மூட்டை ஏற்றியதும் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார்கள். லேசாக எழும்பினால் பின்பாரம். அப்படியே போனால் நுகம் மாட்டின் கழுத்தை மேலே இழுக்கும், மாடு கால் ஊன்றி நடக்க முடியாது. தூக்கவே முடியவில்லை என்றால் முன்பாரம் அதிகம், மாட்டின் கழுத்து புண்ணாகும். கொஞ்சம் முன்பாரம் இருக்கிற மாதிரி மூட்டையை நகர்த்தி வைத்த பிறகுதான் மாட்டைப் பூட்டுவார்கள். இரண்டு சக்கர டிரெய்லரும் அதே வண்டிதான். மாடு இருந்த இடத்தில் டிராக்டர், நுகம் இருந்த இடத்தில் கொக்கி. பாரம் வைக்கிற சாஸ்திரம் மாறவே இல்லை. ஆனால் மாடு போனதும் நுகத்தைத் தூக்கிப் பார்க்கிற பழக்கமும் கூடவே போய்விட்டது.

பின்பாரம் ஆனால் டிராக்டரில் இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று, டிரெய்லரின் மூக்கு டிராக்டரின் பின்புறத்தை மேலே தூக்கப் பார்க்கும். பின் டயருக்குத் தரைப்பிடி குறையும். டிராக்டரின் பிரேக் முழுக்க அந்தப் பின் டயரில்தான் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். இரண்டாவது, டிரெய்லரின் கனம் அச்சுக்குப் பின்னால் இருப்பதால், பள்ளத்திலோ காற்றிலோ சின்னதாக ஒரு தட்டு வாங்கினாலும் வால் ஒரு பக்கம் வீசும். வீசிய கனம் திரும்பி வரும்போது நடுவில் நிற்காமல் மறுபக்கம் போகும். ஊஞ்சல் மாதிரிதான். வேகம் குறைவாக இருந்தால் ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடச் சிறிதாகி, இரண்டு மூன்று ஆட்டத்தில் அடங்கிவிடும். வேகம் கூடக் கூட அடங்குவதற்கு நேரம் ஆகும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டிவிட்டால் அடங்கவே அடங்காது. ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிதாகும். அந்த வேகம் எவ்வளவு என்பதை பாரம் வைத்த விதம், டயர் காற்று, கொக்கியின் தளர்ச்சி எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. நேற்று 30-ல் ஒழுங்காகப் போன அதே டிரெய்லர் இன்று 22-ல் ஆடலாம்.

அதனால்தான் உங்களுக்குக் கன்டெய்னர் லாரி கடக்கும்போது ஆட்டம் வருகிறது. லாரி அருகில் வரும்போது அதன் மூக்கு தள்ளுகிற காற்று உங்கள் வைக்கோல் போரை ஒரு பக்கம் தள்ளும். லாரியின் உடம்பு கடக்கும்போது காற்று உள்ளே இழுக்கும். தள்ளி, இழுத்து, முதல் ஊஞ்சல் தட்டை அது கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது. வைக்கோல் கனமில்லாத சரக்கு. ஆனால் பாய்மரம் மாதிரி உயரமும் அகலமும் இருக்கிறது. எண்ணூர் விரைவுச்சாலையில் கடலோரமாகப் போகும்போது பிற்பகலில் கடல்காற்றும் சேர்ந்துகொள்ளும். லாரி ஆட்டத்தை ஆரம்பித்துதான் வைக்கிறது. அதை அடங்கவிடாமல் வைத்திருப்பது டிரெய்லரில் இருக்கிற ஏதோ ஒரு குறை.

இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். சுமார் 30 வருஷத்துக்கு முன் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஊத்துக்கோட்டைப் பக்கம் நிலக்கடலைக்கு ஜிப்சம் கொடுக்க வேண்டியிருந்தது. ஏக்கருக்கு 160 கிலோ வீதம் 20 ஏக்கருக்கு 64 மூட்டை, 3 டன்னுக்கு மேல். ஒரு விவசாயியின் டிராக்டரில் ஏற்றினோம். எட்டு இடத்தில் இறக்க வேண்டும் என்பதால், "பின்கதவுப் பக்கமாகவே அடுக்குங்கள், இறக்க லேசாக இருக்கும்" என்று சொன்னது நான்தான். ஓட்டுநர் வயதானவர். "முன்பாரம் வேணும் சார், இது வால் ஆட்டும்" என்றார். நான் பட்டம் வாங்கிய மிதப்பில், "பத்து கிலோமீட்டர்தானே, மெதுவாகப் போகலாம்" என்றேன். அவர் மேலே பேசவில்லை. அதிகாரி சொல்லிவிட்டாரே.

ஏரிக்கரை இறக்கத்தில் டிரெய்லர் ஆட ஆரம்பித்தது. நான் மட்கார்டில் உட்கார்ந்திருந்தேன், அதுவே தப்பு. முதல் ஆட்டம் லேசாக, இரண்டாவது பெரிதாக. மூன்றாவது ஆட்டத்தில் அவர் பிரேக் மிதித்தார். காலையில் வயலில் சால் திருப்புவதற்காக இரண்டு பிரேக் பெடலையும் பிரித்து விட்டிருந்தார்கள். யாரும் திரும்ப இணைக்கவில்லை. கால் ஒரு பெடலில் அதிகமாகவும் மற்றதில் குறைவாகவும் விழுந்தது. டிராக்டர் ஒரு பக்கம் சுழன்றது, பின்னால் 3 டன் தள்ளியது. டிராக்டரும் டிரெய்லரும் 'ட' எழுத்து மாதிரி மடங்கிக் கரைக்குக் கீழே சரிந்தன. நான் புல்லில் விழுந்தேன், தோலில் சிராய்ப்பு மட்டும். அவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. அந்தப் பட்டத்தில் அவர் ஒரு நாளும் டிராக்டர் ஏறவில்லை. பிறகும் காலை இழுத்துத்தான் நடந்தார். நான் பார்க்கப் போனபோது, "மூட்டை எல்லாம் நனையாம எடுத்தாங்களா சார்?" என்று கேட்டார். அதற்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை.

அந்த இரண்டு பெடலில்தான் உங்கள் மகன் சொல்கிற கம்ப்யூட்டரின் ரகசியமே இருக்கிறது.

வயலில் மூலை திருப்பும்போது இடது பெடலை மட்டும் மிதிக்கிறீர்கள். இடது பின்சக்கரம் நிற்கிறது, வலது ஓடுகிறது, டிராக்டர் இடது பக்கம் வட்டமடித்துத் திரும்புகிறது. ஸ்டீயரிங்கைத் தொடாமலே, ஒரு பக்கத்துச் சக்கரத்தை மட்டும் பிடித்தால் வண்டியைத் திருப்பலாம் என்பது டிராக்டர் ஓட்டும் ஒவ்வொருவருக்கும் காலில் இருக்கிற அறிவு. கார் கம்பெனிகள் இதைத்தான் கம்ப்யூட்டர் கையில் கொடுத்தார்கள். 1995-ல் ஜெர்மனியில் பாஷ் நிறுவனமும் மெர்சிடிஸ் பென்ஸும் சேர்ந்து இந்த நிலைப்பாட்டுக் கருவியைக் காரில் கொண்டு வந்தன. சுருக்கமாக ஈஎஸ்சி என்பார்கள். அப்போது அது விலை உயர்ந்த பெரிய காருக்கு மட்டும். 1997-ல் அதே மெர்சிடிஸின் சின்னக் கார் ஒன்றை ஸ்வீடனில் ஒரு பத்திரிகைக்காரர் சோதித்தார். சாலையில் மான் குறுக்கே வந்தால் சட்டென்று ஒடித்துத் திருப்புவது போன்ற சோதனை. கார் கவிழ்ந்தது. பெரிய அவமானமாகிவிட்டது. அதன் பிறகு கம்பெனி அந்தச் சின்னக் காருக்கும் இந்தக் கருவியை வைத்தது. 2014 முதல் ஐரோப்பாவில் விற்கும் எல்லாப் புதுக் கார்களுக்கும் அது கட்டாயம். நம்மூரில் எல்லாக் காருக்கும் கட்டாயம் இல்லை. ஆனால் 2023-ல் தொடங்கிய பாரத் என்கேப் சோதனையில் மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ வாங்க வேண்டுமானால் இது இருக்க வேண்டும்.

வேலை செய்யும் விதம் இதுதான். ஒவ்வொரு சக்கரத்திலும் சுற்றும் வேகத்தை அளக்கும் ஒரு உணரி. ஸ்டீயரிங்கில் ஒன்று, ஓட்டுநர் எந்தப் பக்கம் போக நினைக்கிறார் என்று பார்க்க. வண்டியின் நடுவில் ஒன்று, வண்டி உண்மையில் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று பார்க்க. இரண்டும் ஒத்துப்போனால் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும். ஒத்துப்போகவில்லை என்றால் தேவையான ஒரு சக்கரத்தை மட்டும் பிடிக்கும்.

பின்னால் டிரெய்லர் இருந்தால் இதிலேயே இன்னொரு பாடம் சேர்த்திருக்கிறார்கள். ஸ்டீயரிங் நேராக இருக்கிறது, ஆனால் வண்டியின் பின்புறம் இடம், வலம், இடம், வலம் என்று ஒரே தாளத்தில் அசைகிறது என்றால், அது டிரெய்லர் ஆட்டம் என்று கம்ப்யூட்டர் கண்டுகொள்ளும். டிரெய்லர் காரின் பின்பக்கத்தை இடது பக்கம் தள்ளினால் காரின் மூக்கு வலது பக்கம் திரும்பும். உடனே இடது முன்சக்கரத்தை மட்டும் கம்ப்யூட்டர் பிடிக்கும், மூக்கு நேராகும். அடுத்த வீச்சுக்கு வலது முன்சக்கரம். ஊஞ்சல் வரும்போது எதிரே கை வைத்து நிறுத்துகிற மாதிரி, ஒவ்வொரு வீச்சுக்கும் எதிர்த்தாளம். கூடவே இன்ஜின் இழுவையைக் குறைத்து, பிறகு எல்லாச் சக்கரத்தையும் பிடித்து வேகத்தை இறக்கும். வேகம் இறங்கினால் ஆட்டம் தானாக அடங்கும் என்றுதான் மேலே பார்த்தோமே. ஒரு விஷயம்: ஈஎஸ்சி இருக்கிற எல்லா வண்டியிலும் இந்த டிரெய்லர் பாடம் இருக்காது. டிரெய்லரின் மின் இணைப்பைச் செருகினால்தான் சில வண்டிகளில் அது விழித்துக்கொள்ளும்.

இதை மனிதன் ஏன் செய்ய முடியாது? ஒரு வீச்சு போய்த் திரும்ப ஒன்றிரண்டு நொடிதான் ஆகும். நாம் பார்த்து, புரிந்து, கையைத் திருப்புவதற்குள் ஏறக்குறைய ஒரு நொடி போய்விடும். அதற்குள் டிரெய்லர் மறுபக்கம் வந்திருக்கும். நாம் ஆட்டத்தை நிறுத்தத் திருப்புகிற ஸ்டீயரிங் ஆட்டத்துக்கே தள்ளு கொடுத்துவிடும். பதறி இடமும் வலமும் திருப்புகிறவர்தான் டிரெய்லரைக் கவிழ்க்கிறார்.

பெரிய லாரிகளுக்கு வருவோம். கன்டெய்னர் வண்டியின் ஆட்டம் நம்முடையதிலிருந்து வேறு. அதன் டிரெய்லர், முன்வண்டியின் பின் அச்சுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. நம்முடையது போல அச்சுக்குப் பின்னால் தள்ளித் தொங்கவில்லை. அதனால் நேர் சாலையில் வால் ஆட்டுவது குறைவு. அதற்குப் பயம் வேறு இரண்டு. ஈரச் சாலையில் திடீரென்று பிரேக் போட்டால், முக்கியமாகக் காலிப் பெட்டியோடு வரும்போது, சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி மடங்கும். வளைவில் வேகமாகத் திரும்பினால் உயரமான பெட்டியோடு சாயும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க ஏபிஎஸ் என்ற ஏற்பாடு. நம் நாட்டில் 2015 முதல் புதிய கனரக லாரிகளுக்குக் கட்டாயம். அதற்கு மேல் ஒரு படிதான் உங்கள் மகன் சொல்லும் நிலைப்பாட்டுக் கருவி. வளைவில் வேகம் அதிகம் என்று தெரிந்தால் ஓட்டுநர் மிதிக்காமலே இன்ஜினை அடக்கி, டிரெய்லர் சக்கரங்களையும் பிடிக்கும். அமெரிக்காவில் 2015-ல் விதி போட்டு, 2017 ஆகஸ்டு முதல் மூன்று அச்சுள்ள புதிய முன்வண்டிகளுக்குக் கட்டாயமாக்கினார்கள். நம்மூரில் புதிய மாடல்கள் சிலவற்றில் இருக்கிறது. ஆனால் நம் சாலையில் போகிற கன்டெய்னர் வண்டிகளில் நிறைய பழையவை. "எல்லா லாரியிலும் கம்ப்யூட்டர் இருக்கிறது, அவன் பார்த்துக்கொள்வான்" என்று நினைத்து அதன் பக்கத்தில் போகாதீர்கள்.

சரி, டிராக்டருக்கு ஏன் வராது? கம்ப்யூட்டருக்குப் பிடிப்பதற்கு முன்சக்கரத்தில் பிரேக் வேண்டும். நம் டிராக்டர்களில் பெரும்பாலும் பின்சக்கரத்தில் மட்டுமே இருக்கிறது. நாலு சக்கரத்தையும் தனித்தனியாக அழுத்தம் கொடுத்துப் பிடிக்கிற பம்பு, வால்வு வேண்டும். நம் பெடல் நேரடியாகப் போய் பிரேக்கை அழுத்துகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நம் டிரெய்லரில் பிரேக்கே கிடையாது. 2 டன் டிராக்டர், 4 அல்லது 5 டன் டிரெய்லரைத் தன் பின் டயர் இரண்டால் மட்டும் நிறுத்துகிறது. சின்னப் பையன் பெரிய எருமையைக் கயிற்றில் பிடித்து நிறுத்துகிற கதைதான். ஐரோப்பாவில் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் டிராக்டருக்கு ஏபிஎஸ் கேட்கிறார்கள், டிரெய்லருக்குத் தனி பிரேக்கும் உண்டு. நாம் அந்த வேகத்துக்குப் போவதில்லை, போகவும் வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. "கம்ப்யூட்டர் செய்வதை நான் இரண்டு பெடலால் செய்துவிடுகிறேன்" என்று யாராவது இறங்கினால், நான் மேலே சொன்ன ஏரிக்கரைதான். பிரேக் பிடித்த பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் பக்கவாட்டுப் பிடி போய் டிராக்டரே வழுக்கும். வயலை விட்டு மேட்டில் ஏறியதும் இரண்டு பெடலையும் இணைக்கிற லாக்கைப் போட வேண்டும். டிராக்டர் வாங்கியபோதே அந்த லாக் இருந்திருக்கும். பல வண்டிகளில் துருப்பிடித்து விழுந்துவிட்டது, அந்த இடத்தில் ஒரு கயிற்றைக் கட்டியிருப்பார்கள். கயிறு லாக் ஆகாது. இந்த வாரமே மெக்கானிக்கிடம் காட்டிப் போடுங்கள்.

இனி உங்கள் டிரெய்லருக்கு.

வைக்கோல் ஏற்றும்போது அச்சுக்கு நேர் மேலும், அதற்குக் கொஞ்சம் முன்னாலும் கனமான கட்டுகளை வையுங்கள். இயந்திரம் கட்டிய உருண்டைக் கட்டுகளும் உதிரி வைக்கோலும் கலந்து ஏற்றினால், கட்டுகள் அடியில், நடுவில். பின்னால் நீட்டிக்கொண்டு போகிற போரைக் குறையுங்கள். நெல் மூட்டையானாலும் இதே கதைதான்; செங்குன்றம் ரைஸ் மில்லுக்குப் போகிற வண்டிகளில், இறக்கச் சௌகரியம் என்று பின்கதவில் மூட்டை குவிந்திருப்பதை இன்றும் பார்க்கிறேன். நான் 30 வருஷம் முன் சொன்ன அதே வார்த்தையை யாரோ சொல்லியிருப்பார்கள்.

முன்பாரம் எவ்வளவு? காருக்குப் பின்னால் இழுக்கிற டிரெய்லருக்கு, மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும் என்பது அமெரிக்காவில் சொல்லும் கணக்கு. டிராக்டர் டிரெய்லருக்குக் கொக்கி தாங்கும் எடை கம்பெனிப் புத்தகத்தில் இருக்கும், அதைத் தாண்டக் கூடாது. அளக்கத் தராசு இல்லை என்றால் கண்ணால் பாருங்கள்: மேடு ஏறும்போது முன்சக்கரம் தரையை விட்டுத் துள்ளி, ஸ்டீயரிங் லேசாகிவிட்டால் முன்பாரம் அதிகம். பள்ளத்தில் இறங்கும்போது கொக்கி 'டக் டக்' என்று மேலே அடித்தால் பின்பாரம். இரண்டாவதுதான் வால் ஆட்டும்.

கொக்கியைப் பாருங்கள். பின் தேய்ந்து, துளை முட்டை மாதிரி ஆகியிருக்கும். ஒரு விரல் தளர்ச்சி இருந்தால் ஒவ்வொரு வீச்சிலும் டிரெய்லர் அந்த ஒரு விரல் தூரம் ஓடிவந்து இடிக்கும். துளைக்கு வாஷர் வைத்து வெல்டிங் செய்து, சரியான கனத்தில் பின் போட்டு, அதற்குக் கீழே பூட்டும் சிறு பின்னும் போடுங்கள். கம்பியை முறுக்கிக் கட்டுவது பூட்டு அல்ல. டிரெய்லரை எப்போதும் டிராபாரில்தான் மாட்ட வேண்டும். கலப்பை மாட்டுகிற மேல் இணைப்பில் மாட்டி இழுத்தால் டிராக்டர் முன்பக்கம் தூக்கிப் பின்னால் கவிழும்.

டிரெய்லர் டயர் இரண்டிலும் ஒரே அளவு காற்று இருக்க வேண்டும். ஒன்று தளர்ந்தாலும் டயரின் பக்கச்சுவர் நெளிந்து ஆட்டத்துக்கு இடம் கொடுக்கும். ஒன்று புதிது, ஒன்று மொட்டை என்று ஓட்டுவதும் அதே. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் அசைத்துப் பாருங்கள், அசைந்தால் பேரிங் போயிருக்கும்.

வேகம். 20-லிருந்து 30-க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்குதான், ஆனால் நிறுத்த வேண்டிய சக்தி இரண்டேகால் மடங்கு. மேம்பாலத்து இறக்கத்தில் உச்சியிலேயே கியரைக் குறைத்துவிட்டு இறங்குங்கள். கிளட்சை மிதித்துக்கொண்டு இறங்காதீர்கள், டீசல் மிச்சம் என்று நியூட்ரலும் வேண்டாம். கியரில் இருக்கும்போது இன்ஜினே இரண்டு பின்சக்கரத்தையும் பிடித்துக்கொண்டிருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆட ஆரம்பித்தால் என்ன செய்வது? ஆக்சிலேட்டரிலிருந்து கையைத் தளர்த்துங்கள். ஸ்டீயரிங்கை நேராக, இறுக்காமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பாதீர்கள். சட்டென்று பிரேக் மிதிக்காதீர்கள். வேகம் தானாக இறங்கட்டும். வேகத்தைக் கூட்டி டிரெய்லரை இழுத்து நேராக்கலாம் என்று சில பேர் சொல்வார்கள். கேட்காதீர்கள். ஆட்டம் நின்றதும் ஓரமாக நிறுத்தி, பாரத்தை முன்னால் நகர்த்தாமல் அடுத்த கிலோமீட்டர் போகாதீர்கள்.

கன்டெய்னர் லாரி பின்னால் வருவது கண்ணாடியில் தெரிந்தால், அது பக்கத்தில் வரும் முன்பே வேகத்தைக் குறைத்து இடது ஓரம் நேராகப் போங்கள். அது கடக்கிற நேரத்தில் திருப்பவோ பிரேக் போடவோ வேண்டாம். கண்ணாடியே இல்லை என்கிறீர்களா? மாட்டுங்கள். பின்னால் சிவப்பு ஒளிப்பான் பட்டை ஒட்டுங்கள். வைக்கோல் அதை மூடிவிடாத இடத்தில். முடிந்தால் ஜீரோ கேட்டுக்கு வண்டிகள் வரிசை கட்டுகிற நேரத்தைத் தவிர்த்து, அதிகாலை வெளிச்சம் வந்ததும் கிளம்புங்கள். கடல்காற்றும் அப்போது எழுந்திருக்காது.

இதே விஷயத்தில் வந்த வேறு இரண்டு கேள்விகளுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

"டிராக்டரில் 5,000 லிட்டர் தண்ணீர் டேங்கர் இழுக்கிறோம். முழு டேங்கர் ஒழுங்காக வருகிறது, பாதி இருந்தால் ஆடுகிறது. கனம் குறைந்தால் நல்லதுதானே?"

முழு டேங்கரில் தண்ணீருக்கு அசைய இடமில்லை. 5 டன் அசையாமல் ஒரே கட்டியாக வருகிறது. பாதி டேங்கரில் இரண்டரை டன் தண்ணீர் உள்ளேயே அலையடிக்கிறது. பிரேக் போட்டால் முன்னால் ஓடிவந்து டிராக்டரைத் தள்ளும், வேகம் எடுத்தால் பின்னால் போய்ப் பின்பாரமாகும், திருப்பினால் பக்கவாட்டில் ஏறும். பெட்ரோல் டேங்கர் லாரிகளில் உள்ளே தடுப்புச் சுவர் வைத்துப் பிரித்திருப்பார்கள். பட்டறையில் செய்த நம் டேங்கர்களில் பல வெறும் உருளைதான். உள்ளே துளையிட்ட தடுப்புத் தகடு இரண்டாவது வைக்கச் சொல்லுங்கள். அதுவரை ஒரு வீட்டுக்குப் பாதி ஊற்றிவிட்டு அடுத்த ஊருக்கு ஓடுவதானால் நடக்கிற வேகத்துக்கு மேல் போக வேண்டாம்.

"களத்துமேட்டிலிருந்து வரும்போது பெண்கள், பிள்ளைகள் வைக்கோல் மேல் உட்கார்ந்து வருகிறார்கள். கயிறு கட்டியிருக்கிறோம், பரவாயில்லையா?"

வேண்டாம் அம்மா. டிரெய்லரின் வால் ஒரு முழம் வீசினால் போரின் உச்சியில் இருக்கிறவருக்கு அது இன்னும் பெரிய வீச்சு. வைக்கோல் வழுக்கும், கயிறு வைக்கோலைப் பிடிக்குமே தவிர ஆளைப் பிடிக்காது. விவசாய டிராக்டருக்கு எடுத்த இன்சூரன்ஸ், டிரெய்லரில் உட்கார்ந்து வந்தவருக்கும் செல்லும் என்று நம்பிவிடாதீர்கள். டிரெய்லருக்கும் தனியாகப் பதிவும் இன்சூரன்ஸும் வேண்டும்; உங்கள் பாலிசியில் டிரெய்லர் எண் எழுதியிருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். மட்கார்டில் உட்காருகிற பழக்கமும் வேண்டாம். பிள்ளைகளை மீஞ்சூர் பஸ்ஸில் ஏற்றி அனுப்புங்கள், வைக்கோல் தனியாக வரட்டும்.